மழைக்காலத்தில் சுற்றிய சுருட்டு ஏன் இழுக்கவில்லை: மோல்மீன் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பர்மாவின் தெற்கே உள்ள மோல்மீனில் ஆடி மாதம் இலைக்கட்டைப் பிரித்தால் புகையிலை சலசலப்பதில்லை. கையில் கசக்கினால் கசங்கியபடியே கிடக்கும். ஆண்டு மழை 4,500 மில்லிமீட்டரைத் தாண்டும் ஊர் இது. அதில் பெரும்பகுதி ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழைக்குள், ஒரு தமிழ் வீட்டில், சொந்த உபயோகத்துக்கென்று சுற்றிய 18 சுருட்டுகளில் 11 இழுக்கவே இல்லை. நான்கு பற்றிக்கொண்டன, ஆனால் ஒருபக்கமாகவோ உள்ளுக்குள்ளேயோ எரிந்து கெட்டன. மீதி மூன்றில் பூஞ்சணம். கலவை மூன்று வகை, வகைக்கு ஆறு. மூன்று வகையிலும் கோளாறு ஒரே மாதிரி இருந்தது.

"இலையில காரம் ஜாஸ்திண்ணே, வேற இலை குடுங்க" என்று சுற்றியவர் இலை வாங்கிய கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அடுத்த தொகுதியில் தடித்த இலையைப் பாதியாகக் குறைத்து மெல்லிய இலையைக் கூட்டினார். அது முதல் தொகுதியைவிட மோசமாக அடைத்துக்கொண்டது. வீட்டில் சுற்றுபவர்கள் வழக்கமாகப் போகும் வழி இதுதான்: சுருட்டு கசந்தால் கலவையை மாற்றுவது, அணைந்தாலும் கலவையை மாற்றுவது. மழைக்காலத்தில் கலவைக் கோளாறு போலத் தெரிவதில் பெரும்பாலானது ஈரக் கோளாறு. அதைக் காட்ட இந்த நிகழ்வு நல்ல சான்று, ஏனென்றால் கடைசியில் கலவையை மாற்றாமலேயே குறை தீர்ந்தது.

எதை வைத்துச் சுற்றினார்கள்

இலை ஐராவதிக் கரைப் பக்கத்தது. பக்கோக்கு, மிஞ்சான் வட்டாரத்தில் வெள்ளம் வடிந்த வண்டல் மணலில் விளைந்து பாடம் செய்யப்பட்டது. வாங்கியது ஒரு வீசை, அதாவது 1.63 கிலோ. நடுக்காம்பை உருவினால் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். அப்படிப் போனாலும் நடுத்தர அளவில் நூறு சுருட்டுக்குமேல் வரும்.

கட்டில் எல்லா மட்டத்து இலையும் கலந்தே வரும். பிரிப்பது நம் வேலை. செடியின் அடியிலை மெல்லியது, வெளிர் நிறம், காரம் குறைவு, சட்டென்று எரியும். நடுவிலையில்தான் மணம். உச்சியிலை தடிப்பு, கருப்பு, விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும்; காரம் அதில்தான் இருக்கிறது, எரிவதும் மெதுவாகத்தான். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அடியிலையில் வெளிச்சம் ஊடுருவும், உச்சியிலையில் ஊடுருவாது. அந்தக் காலத்தில் கோதாவரியின் லங்கைகள் எனப்படும் ஆற்றுத் தீவுகளில் விளைந்த இலை காக்கிநாடாவிலிருந்து கப்பலேறி ரங்கூனுக்கு வந்து பர்மியச் சுருட்டுகளுக்குள் போனது. அதுவும் தீவு வண்டலில் விளைந்த காரமான இலைதான். இந்த நாட்டுக் கை அந்த வகைக் காரத்துக்குப் பழகியது. காரம் மட்டும் சுருட்டை அடைக்காது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இன்லே ஏரிப் பக்கத்துப் பெண்கள் சுற்றும் பர்மியச் சுருட்டில் நறுவிலி இனத்துத் தனபெட் இலைதான் குழாய். உள்ளே நறுக்கிய இலையும் காம்புத் துண்டும், வாய்ப்பக்கம் சோளமடல் சுருள். தூளுக்கு நடுவே காற்றுக்கு எப்போதும் வழி உண்டு. முழு இலையை மடித்து, புகையிலையாலேயே மூடும் சுருட்டில் அந்த வழியைச் சுற்றுபவரின் மடிப்புத்தான் உண்டாக்குகிறது. அந்த மடிப்பு நிற்பதற்கு இலை சரியான பதத்தில் இருக்க வேண்டும்.

அளவு: நீளம் 5 அங்குலம், தடிமன் 42. தடிமனை அங்குலத்தின் 64 பங்குகளில் சொல்வது சுருட்டு வழக்கம். 42 என்றால் விட்டம் 16.7 மில்லிமீட்டர். அச்சுக்கு அரை அங்குல பிவிசி குழாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ரப்பர் வளையம் போட்டுப் பயன்படுத்தினார்கள். ஒட்டுவதற்கு ஒட்டரிசிக் கஞ்சி. சுற்றி முடித்ததை மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று வாரம் வைத்தார்கள். பெட்டிக்குள் இருந்த, காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானி 66 காட்டியது. கேட்டவுடன் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

மூன்று சோதனைகள்

முதலில் ஈரமானி. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, கரையாமல் சேறாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக மூடும் பையில் ஓர் இரவு வைக்க வேண்டும். பைக்குள் ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். அது உப்பின் இயல்பு, ஊருக்கு ஊர் மாறாது. இந்த மானி காலையில் 67 காட்டியது. எட்டு குறைவு. ஆக 66 காட்டிய பெட்டிக்குள் உண்மையில் 74 இருந்திருக்கிறது. 72க்கு மேல் போனாலே பூஞ்சணத்துக்கு வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் வாங்கிய மானியை இந்தச் சோதனை செய்யாமல் நம்பக் கூடாது.

இரண்டாவது எடை. நகைக்கடையில் வைப்பது போன்ற, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். கையிருப்பு இலையில் 10 கிராமைப் பொடியாக நறுக்கி, சின்ன அடுப்பில் 100 பாகை செல்சியஸில் எடை இனிக் குறையாது என்கிற வரை காயவைத்தபோது 8.1 கிராம் நின்றது. ஈரம் 19 சதவீதம். சுருட்டுக்குள் மடித்து வைக்கும் உள்ளிலைக்கு 12 முதல் 14 வரைதான் இருக்கலாம். மூன்று வாரம் பெட்டியில் இருந்த சுருட்டைப் பிரித்து அதன் உள்ளிலையைக் காயவைத்தபோதும் 17. மூன்று வாரத்தில் வெளியேறியது இவ்வளவுதான்.

சுருட்டு ஒன்றின் எடை சராசரி 9.3 கிராம். இந்த அளவுச் சுருட்டு 8 கிராம் இருக்க வேண்டும். கூடுதல் எடை முழுவதும் தண்ணீர் அல்ல என்பதைக் கணக்குப் போட்டால்தான் பிடிக்க முடியும். உள்ளிலை 7 கிராம் வைத்திருக்கிறார்கள். 19 சதவீத ஈரத்தைக் கழித்தால் உலர் இலை 5.67 கிராம். வைக்க வேண்டியது 13 சதவீத ஈரத்தில் 6 கிராம், அதாவது உலர் இலை 5.22. ஆகவே தண்ணீரோடு இலையும் கூடிப்போயிருக்கிறது. ஈர இலை கைக்குள் அமுங்கும். பிடி நிறையாதது போலத் தோன்றும். இன்னும் ஓர் இலை வைக்கச் சொல்லும். கைப்பழக்கம் உள்ளவர்களையும் மழைக்காலம் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, வெட்டிப் பார்ப்பது. அடைத்த சுருட்டு ஒன்றை முகம் மழிக்கும் பிளேடால் நான்கு இடத்தில் குறுக்கே வெட்டினார்கள். பற்ற வைக்கும் முனையில் மடிப்புக்கு மடிப்பு இடைவெளி தெரிந்தது. குண்டூசி தடையில்லாமல் உள்ளே போனது. நடுவில் இடைவெளி குறைந்தது. வாய்ப்பக்கத்திலிருந்து 2 சென்டிமீட்டரில் வெட்டிய முகம் கருத்து, மினுமினுத்து, எந்த இலை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஒரே கட்டியாக இருந்தது. குண்டூசி வளைந்தது. அந்தக் கட்டியை நகத்தால் பிரித்தபோது விரல்நீளத் துண்டு இலைகள் நான்கு வந்தன. மடித்து அடுக்கிய உள்ளிலைக் கட்டின், அதாவது உள்கட்டின், நீளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த இலையைப் பிய்த்து, அந்தத் துண்டுகளைத் வாயில் வைக்கும் தலைப்பக்கமே திணித்திருக்கிறார்கள். உள்கட்டைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலையைச் சுற்றும்போது உள்கட்டு லேசாக முறுக்கியும் இருக்கிறது: வெட்டு முகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே தடித்த இலை ஒவ்வொரு முகத்திலும் இடம் மாறியிருந்தது.

எந்தக் குறைக்கு எது காரணம்

அடைப்புக்கு மூன்று காரணங்கள் கூடின: ஈர இலை, கூடுதல் இலை, தலைப்பக்கத் துண்டு. அவற்றில் ஈரம்தான் மூலம். பதமான இலையை மடித்தால் மடிப்பு திமிறி நிற்கும், அந்தத் திமிறலில்தான் காற்று போகும். ஈர இலை ஒன்றோடொன்று படிந்துவிடும். அச்சில் அழுத்தியபின் அப்படியே ஒட்டிக்கொண்டு, பிறகு உலர்ந்தாலும் பிரியாது. அடைத்த சுருட்டை மாதக்கணக்கில் வைத்திருந்தால் சரியாகும் என்று நம்புவது வீண்; ஈரத்தால் இழுப்பு இறுகினால் உலர உலரத் தளரும், கட்டியாகிப்போனது தளராது. இரண்டாவது தொகுதி இன்னும் மோசமானதற்கு விடையும் இதில் இருக்கிறது. மெல்லிய அடியிலைக்குத் திமிறல் குறைவு. தடித்த இலையைக் குறைத்து அதைக் கூட்டியபோது உள்கட்டு இன்னும் படிந்துபோனது.

பிவிசி அச்சுக்கும் பங்கு உண்டு. மர அச்சு ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், குழாய் உறிஞ்சாது. உள்கட்டை அதில் வைத்து எடுத்தபோது குழாயின் உட்புறம் வியர்த்திருந்தது.

உள்எரிவு வேறு கதை. நெருப்பு நடுவில் குழி தோண்டிக்கொண்டு போகும், வெளியே சுற்றிய மேலிலை கருகாமல் வளையமாக நிற்கும். உள்ளே இருப்பதைவிட மேலிலை ஈரமாக இருந்தால் இப்படி ஆகும். பெட்டியிலிருந்து எடுத்த சுருட்டை மழைநாளில் திண்ணையில் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பற்ற வைத்திருக்கிறார்கள். காற்றில் ஈரம் 90ஐத் தொடும் நாளில் முதலில் அதைக் குடிப்பது மேலிலைதான். பெட்டியைத் திறந்த கையோடு பற்ற வைப்பது இதற்கு மருந்து.

ஒருபக்க எரிவில் காரணம் உச்சியிலை இருந்த இடம். அது நடுவில் இருந்தால் சுற்றியுள்ள இலை அதை எரித்துவிடும். ஓரத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கம் பின்தங்கும், எதிர்ப்பக்கம் ஓடும். முறுக்கினால் ஓரத்துக்கு வரத்தான் செய்யும்.

பூஞ்சணம் பிடித்த மூன்றில் இரண்டு, வாய்முனையை மூடும் தலைமூடியின் கஞ்சி விளிம்பில் பிடித்தவை. ஒட்டரிசிக் கஞ்சி கோடையில் நன்றாக வேலை செய்யும்; 74 சதவீத ஈரத்தில் அது பூஞ்சணத்துக்குத் தீனி. அந்தச் சுருட்டுகளைத் துடைத்துக் குடிக்கக் கூடாது. எறிந்துவிட்டு, பெட்டியைச் சாராய ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தார்கள்.

திருத்தம்

இலையை உலர்த்துவதுதான் முதல் வேலை, அதையும் கணக்கோடு. 200 கிராம் இலை, ஈரம் 19 சதவீதம் என்றால் உலர் இலை 162 கிராம். 13 சதவீத ஈரத்துக்கு அது நூற்றுக்கு 87 பங்காக இருக்க வேண்டுமானால் மொத்த எடை 162ஐ 0.87ஆல் வகுத்தது: 186 கிராம். தராசு 186 காட்டும்போது நிறுத்த வேண்டும். 14 கிராம் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

மழையில் எப்படி உலர்த்துவது? குண்டு பல்பு வைத்த அட்டைப்பெட்டி நல்ல வழி, ஆனால் மின்வெட்டு உள்ள ஊரில் பாதியில் நிற்கும், அணைந்த நேரத்தில் இலை மறுபடி ஈரம் குடிக்கும். இங்கே கைகொடுத்தது வறுத்த அரிசி. அரைக்கிலோ அரிசியை எண்ணெய் இல்லாத சட்டியில் நிறம் மாறத் தொடங்கும் வரை வறுத்து, மூடிவைத்து ஆறவிட்டு, துணிப்பையில் கட்டி, இலையோடு இறுக மூடும் டப்பாவில் போட்டார்கள். மறுநாள் காலையில் எடை பார்த்து, போதாவிட்டால் அரிசியை மறுபடி வறுத்துப் போடலாம். சிலிக்கா ஜெல் கிடைத்தால் இதைவிட வேகம். நேரடி நெருப்போ வெயிலோ காட்டினால் ஓரம் நொறுங்கி நடு ஈரமாகவே நிற்கும்.

பதத்தை விரலாலும் பழக வேண்டும். 13 சதவீத உள்ளிலையைக் கைக்குள் கசக்கி விட்டால் மெல்லச் சலசலத்து விரியும். பக்க நரம்பு வளைந்து பிறகு ஒடியும். மேலிலைக்கும் கட்டு இலைக்கும் இந்தப் பதம் ஆகாது, கிழிந்துவிடும். அவை நன்றாகத் துவண்டு, இழுத்தால் கொஞ்சம் நீளும் அளவுக்கு ஈரமாக, 22 முதல் 25 சதவீதம் வரை இருக்கலாம். இரண்டையும் ஒரே பையில் வைப்பதால்தான் பல வீடுகளில் உள்ளிலை ஈரமாகிறது.

ஈர இலையைத் தொடும்போது கையுறை போடுவது அவசியம். நிகோடின் தோல் வழியே ஏறும். தலைசுற்றலும் குமட்டலும் வருவது அதனால்தான். குழந்தைகள் புழங்கும் அறையில் இலையை விரிக்கவே கூடாது.

ஒரு சுருட்டுக்கு உள்ளிலை 6 கிராம்: உச்சியிலை 1.2, நடுவிலை 3, அடியிலை 1.8. முதல் தொகுதியில் காரம் என்று தள்ளிய கலவைகளில் ஒன்றின் அதே விகிதம். ஒவ்வொரு இலையையும் தனித்தனியாக, விசிறி மடிப்பது போல நெடுக்கே மடித்துக் கையில் அடுக்க வேண்டும். உச்சியிலை நடுவில், இலை நுனிகள் பற்ற வைக்கும் பக்கம். நீட்டிக்கொண்டிருப்பதைப் பிய்த்தால் அந்தத் துண்டுகளைக் கட்டின் நீளம் முழுக்க, ஒன்றுக்கொன்று தள்ளி, நடுவில் வைக்க வேண்டும். தலைப்பக்கம் 3 சென்டிமீட்டருக்குள் துண்டு எதுவும் வரக்கூடாது. கட்டு இலையைச் சுற்றும்போது உள்கட்டு இரண்டு முனையிலும் ஒரே வேகத்தில் உருள வேண்டும். ஒரு கை முந்தினால் முறுக்கு விழும்.

அச்சில் வைக்கும் முன் ஒவ்வொரு உள்கட்டையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றினார்கள். 40 நிமிடம் அழுத்தி, காகிதத்தை மாற்றி, கால்வட்டம் திருப்பி இன்னொரு 40 நிமிடம். எடுத்தவுடன் மேலிலை போடாமல் வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பது இந்தக் கலையில் மிகவும் பயனுள்ள அரை நிமிடம். இந்த நிலையில் அடைத்திருந்தால் பிரித்து ஓர் இலையை எடுத்துவிடலாம். மேலிலை போட்டபின் ஒன்றும் செய்ய முடியாது.

மேலிலையை 4 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினார்கள். நரம்பு எழும்பிய முகம் உள்ளே, வழுவழுப்பான முகம் வெளியே. நடுக்காம்பின் இடப்பாதி ஒரு திசையிலும் வலப்பாதி எதிர்த்திசையிலும் சுற்றும். ஒரே திசையில் இரண்டையும் சுற்றினால் நரம்பு குறுக்கே விழுந்து வரிவரியாகத் தெரியும். கஞ்சிக்குப் பதில் கொத்தவரைப் பிசின் தூள், 60 மில்லி தண்ணீருக்கு 1 கிராம். அன்றன்றைக்குக் கரைத்து, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஒட்டும் இடத்தில் விரல்நுனியால் தொட்டால் போதும்.

சுற்றி முடித்தபோது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8.3 கிராம். வறுத்த அரிசிப் பையோடு பெட்டியில் வைத்து, திருத்திய மானி 65 காட்டும் வரை அரிசியை மாற்றி, பிறகு அரிசியை எடுத்துவிட்டார்கள். எடை 8.0க்கு இறங்கி மூன்று நாள் அசையாமல் நின்றால் சுருட்டு தயார். நாட்காட்டியைவிட இந்த எடையை நம்பலாம்.

மூன்றாவது தொகுதி

12 சுருட்டு. 10 நன்றாக இழுத்து நேராக எரிந்தன. ஒன்று சற்று இறுக்கம். ஒன்று பாதியிலிருந்து ஒருபக்கம் ஓடியது. அணைத்து வெட்டிப் பார்த்தபோது உச்சியிலையின் ஒரு மடிப்பு கட்டு இலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கசப்பு இல்லை. அதே வீசைக் கட்டின் இலை, அதே விகிதம். முன்பு நாக்கைக் கடித்த "காரம்", அணைந்து அணைந்து மறுபடி பற்ற வைத்ததால் வந்த கசப்பு.

இனிக் கலவையை மாற்றலாம். ஒரு தடவைக்கு ஒரே இலை, 0.6 கிராம் மட்டும், மற்றதெல்லாம் அப்படியே. அதற்கு முன் ஒவ்வொரு மட்டத்து இலையின் எரிவையும் தனியாகப் பார்ப்பது நல்லது. உலர்ந்த இலையில் ஊதுபத்திக் கங்கை வைத்து எடுத்து, கனல் எத்தனை விநாடி ஊர்கிறது என்று எண்ணலாம். கனல் நெடுநேரம் ஊர்ந்தால் பொட்டாசியம் போதுமான இலை. கருத்துச் சட்டென்று அணைந்தால் குளோரைடு ஏறிய இலை. உப்பு மண்ணிலோ குளோரைடு உரத்திலோ விளைந்திருக்கும். அதை எந்தப் பதமும் காப்பாற்றாது. அத்தகைய இலையைத்தான் கடையில் மாற்றிக் கேட்க வேண்டும். அழுகிய மூத்திர நெடி போல அமோனியா அடித்தால் பாடம் முற்றவில்லை. அதைத் தனியே கட்டிவைத்து முற்றவிட வேண்டும்.

மீதி இலையைப் பற்றி ஒன்று. 24 பாகைக்கு மேல் சுருட்டு வண்டின் முட்டை வேகமாகப் பொரியும், மோல்மீனில் அந்த வெப்பம் ஆண்டு முழுக்க உண்டு. இலையை இரட்டைப் பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம், பிறகு குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன்பின் வெளியே. மின்சாரம் போய் உறைபெட்டி இளகியிருந்தால் அந்த வாரம் கணக்கில் சேராது, முதலிலிருந்து எண்ண வேண்டும்.

டிசம்பரில் இதெல்லாம் தலைகீழாகும். வடகாற்று வீசும்போது உள்ளிலை தானாகவே 12க்குக் கீழே போய் மடிக்கும்போது நொறுங்கும், மேலிலை சுற்றும் பலகையிலேயே வெடிக்கும். அப்போது கொதித்து ஆறிய தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, பையில் கட்டி ஓர் இரவு வைத்து, உள்ளிலையை மட்டும் காலையில் ஒரு மணி நேரம் விரித்துவிட்டு எடை பார்த்தபின் சுற்றலாம்.